தென்கரையில் பூஜ்யம்

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ஏரியில் குப்பை பொறுக்கினோம். பறவை பார்க்கிற குழு என்றுதான் பெயர். பாதி ஞாயிற்றுக்கிழமை குனிந்த தலை நிமிராமல்தான் போகிறது. ஒற்றைச் செருப்புகளே ஒரு சாக்குக்குத் தேறின. ஜோடியாக ஒன்றுகூட இல்லை. மனுஷன் ஒரு காலோடுதான் ஏரிக்கு வருவான் போல.

முடிந்ததும் மருந்துக்கடைத் தம்பி எல்லோர் கைக்கும் களிம்பு தடவினார். குழுவை நடத்துவது அவர்தான். "எரியுதாக்கா?" என்றார். இத்தனை வருஷம் திரைச்சீலை தைத்துக் காய்த்துப்போன விரல், இதில் எரிய என்ன இருக்கிறது?

தொப்பி டீச்சர் வழக்கம்போல ஃபோட்டோ எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர், மழை நாளிலும் தொப்பியைக் கழற்ற மாட்டார். "காதக்கா, நடுவுல வாங்க" என்று இழுத்து நிறுத்தினார். குழுவில் எனக்குக் 'காது' என்று பெயர். நாணலுக்குள் எந்தக் குருவி கத்தினாலும் பார்க்காமலே இன்னது என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே, வேறு எதில் நான் முதல் ஆள்?

மகள் கல்யாணமாகிப் போனபோது வீடு பிடிக்காமல்தான் இவர்களோடு சேர்ந்தேன். அன்று என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு இன்றுவரை ஒருவருக்கும் நன்றி சொன்னதில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

வாஷிங் மெஷின் கெட்டுவிட்டது. துவைக்கிறது; முடிந்ததும் பீப் அடிக்க மாட்டேன் என்கிறது. ஈரத் துணி உள்ளேயே கிடந்து நாறுகிறது. "அடிச்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்கிறார் வீட்டுக்காரர். நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவருக்கு எந்த ஹாரன் எங்கே அடித்தது என்று என்ன தெரியும். ரிப்பேர்காரரை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று ஊசிக்குருவிக் கணக்கு. ஏதாவது தைத்தால்தான் மனசு ஆறும் போல இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

நாணல் கதிர்க்குருவியைத்தான் நாங்கள் ஊசிக்குருவி என்போம். குரல் அவ்வளவு மெலிசு, அவ்வளவு கூர்மை. நாணலை விட்டு வெளியே தலை காட்டாது, அதனால் கண்ணால் எண்ண முடியாது. கரையில் ஐந்து இடம் குறித்து வைத்திருக்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் வாய் திறக்காமல் நிற்போம். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விரல் காட்டுவேன். டீச்சர் எழுதிக்கொள்வார்.

வடகரையில் இரண்டு. அதுவும் தலைக்குப் பக்கத்திலேயே வந்து கத்தியதால். தென்கரையில் போன வருஷம் இரண்டு கை விரலும் போதவில்லை. இன்று எவ்வளவு நேரம் நின்றும் ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுகூடவா?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுகூட இல்ல."

டீச்சர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதினார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. வருத்தமாக இருக்கும். எனக்கே அழுகை வந்தது.

இந்த வருஷக் கணக்கு சும்மா கணக்கு இல்லை. ஏரி அலுவலகம் தென்கரை நாணலை வெட்டிவிட்டு விளக்குப் போட்ட நடைபாதை போடப் போகிறது. அங்கே ஊசிக்குருவி கூடு கட்டுகிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் பாதையை ரோட்டோரமாகத் தள்ளிவிடுவார்கள். இல்லாத குருவியை இருக்கிறது என்று எப்படி எழுதுவது?

மார்ச் 12, புதன்

கணக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. தென்கரை — பூஜ்யம். ஏரிப் பொறியாளரம்மா தம்பியிடம், "வேற வழி இல்லீங்க, இருபத்தி நாலாம் தேதி வெட்ட ஆரம்பிச்சுடுவோம்" என்றாராம். நல்லவிதமாகத்தான் சொன்னாராம்.

ரிப்பேர்காரர் வந்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம். நாலு தடவை அடித்துக் காட்டினேன் என்கிறார். எனக்கே காது குத்தப் பார்க்கிறார்! வந்ததற்குக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கரையோரம் கூட்டிப்போகிற நாள். நான் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குக் காலை டூட்டி இல்லாததால் இவரே எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் டீச்சரோடு முன்னால் போய்விட்டார்கள். தென்கரையில் நானும் இவரும் மட்டும். கண்ணாடியை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"என்னது இது, இப்படிக் கத்துது?"

"எது?"

"இதோ, இதுக்குள்ளதான். ஒண்ணு இல்ல, அங்கயும் ஒண்ணு. சீ சீ சீன்னு. காதுல குத்துற மாதிரி இருக்கே."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று கேட்டது, தூரத்தில் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. நாணல் சும்மா இருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. சத்தம் வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அப்ப பூஜ்யம்னு சொன்னேனே. எல்லாரையும் நிக்க வெச்சு, பெரிய இவளாட்டம் தலைய ஆட்டினேனே. குருவி எங்கயும் போகல. போனது என் காதுதான். வாஷிங் மெஷினும் கெடல. நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னுட்டேன். இப்ப அந்தப் பூஜ்யத்த வெச்சுத்தான் வெட்டப் போறாங்க.

இவரிடம் சொன்னேன். "சரி, வா வீட்டுக்கு" என்றார். கேலி செய்யவில்லை. கேலி செய்யாததுதான் பயமாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் வராமல், "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பாவமாகப் பார்த்தாள். எப்போதோ ஆரம்பித்திருந்தாள்.

கீச்சென்ற சத்தங்கள்தான் போயிருக்கின்றன, பேச்சு நன்றாகக் கேட்கும் என்றாள். முப்பது வருஷத் தையல் மெஷின் சத்தமாக இருக்கலாம், வயசாக இருக்கலாம். காது மிஷின் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவ்வளவு மெலிசான குருவிச் சத்தம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள்.

வெளியே வந்து யோசித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியும்? குருவி பாவம் அழிந்துபோச்சு என்று எல்லோரும் வருத்தப்படுவார்கள், நானும் சேர்ந்து வருத்தப்படலாம். 'காது' காதாகவே இருக்கலாம். பஸ் நிறுத்தம் வரைக்கும் இதை யோசித்தேன் என்பது உண்மை. ஆனால் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மருந்துக்கடைப் பக்கம் போகிறதில் ஏறினேன்.

தம்பி மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும்வரை நின்றேன். பிறகு ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் சிவந்துபோனது. "அக்கா, அன்னிக்கு எனக்கு நாலு கேட்டுச்சு."

"எங்க?"

"தென்கரைலதான். நீங்க இல்லன்னு தலையாட்டினீங்க. உங்களுக்கே கேக்கலன்னா எனக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது பார். "பிரமையா? மருந்து குடுக்கற ஆளு, உன் காத நம்ப மாட்டியா?" என்று கடையில் வைத்தே கத்திவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் ஓரமாக ஒதுங்கினார்.

மார்ச் 18, செவ்வாய்

கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் குழு கூடியது. டீச்சருக்கு அன்று ஐந்து கேட்டதாம். இன்னொருவருக்கு மூன்று. குழுவில் இருக்கிற என் தபால்காரத் தோழிக்கு ஆறு! அன்று ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், என் முகத்தையே எழுதியிருக்கிறார்கள்.

"இத்தன காது இருந்தும், செவிடி சொன்னதக் கேட்டீங்களே" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. பிறகு டீச்சர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்புறம் பாதிப் பேருக்குச் சிரிப்பு, பாதிப் பேருக்கு அழுகை. இவ்வளவு மரியாதை எனக்கு எதற்கு? வேண்டாத இடத்தில் வேண்டாத அளவு. ஆனாலும் — வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

மார்ச் 19, புதன்

ஏரி அலுவலகம். பொறியாளரம்மா எங்கள் புதுக் கணக்கைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் பூஜ்யம். வெட்டற தேதி வந்ததும் குருவி வந்துடுச்சா? என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா?"

நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தம்பி என்னென்னவோ சொல்லிச் சமாளித்தார். என்னைப் பற்றி மட்டும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். என்னைக் காப்பாற்றுகிறாராம். பொறுக்க முடியாமல் பையிலிருந்து காது டாக்டர் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"குருவி மேல தப்பு இல்லீங்க. எண்ணினது நான். எனக்குக் காது கேக்கல. அது தெரியாம எண்ணிட்டேன்."

வெளி ஆள் ஒருவரிடம் இதைச் சொல்வது துணியில்லாமல் நிற்பது போல இருந்தது. அந்தம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல நானே வந்து கேக்கறேன். எங்க நிக்கணும்னு நீங்க காட்டுங்க" என்றார். நீங்க என்று என்னைத்தான் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

கூட்டிப்போய்த் தென்கரையில் நிறுத்தினேன். "பேசாம நில்லுங்க. ஒரே பக்கமாக் கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என் முகத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. முதலில் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு புருவம் மெல்ல ஏறியது. ஒரு விரல் நீட்டினார். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு மற்றக் கையையும் எடுத்தார்.

நாணல் பிழைத்தது.

மார்ச் 24, திங்கள்

வெட்ட ஆட்கள் வரவில்லை. பாதை ரோட்டோரமாகப் போகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காது மிஷின் வந்துவிட்டது. உலகம் இவ்வளவு சத்தமா! சாவிக்கொத்து, கத்தரிக்கோல், இவர் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் கேட்கிறது. வாஷிங் மெஷின் அடித்த அடியில் துள்ளிவிட்டேன். அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஊசிக்குருவி மட்டும் இல்லை. கரையில் நின்று பார்த்தேன். இல்லை.

குழுவிலிருந்து நின்றுவிடுகிறேன் என்று சொன்னேன். காது இல்லாத காதுக்கு அங்கே என்ன வேலை.

டீச்சர் கேட்கக்கூட இல்லை. புதுச் சட்டம் படித்தார்: இனி எல்லோரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நின்று, பரீட்சை மாதிரி அவரவருக்குக் கேட்டதைத் தனித்தனியாக எழுத வேண்டும். எங்கே நிற்பது, எந்த வேளையில் கேட்பது என்று சொல்ல நான் வேண்டும். இவரையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள். "உங்க வீட்டுக்காரருக்குப் பறவையும் தெரியாது, உங்ககிட்ட பயமும் கிடையாது. அப்படி ஒருத்தர் குழுவுக்குத் தேவை" என்றார் தம்பி.

இவர் வாயெல்லாம் பல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவருடைய ஏற்பாடு: என் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு குருவி கத்தும்போதும் என் உள்ளங்கையில் ஒரு தட்டு. நான் கேட்கவில்லை, அவராகவே கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட நாலு பேர் முன்னால் பிடித்ததில்லை. டீச்சர் பார்க்காத மாதிரி பார்த்தார்.

நடுவில் தட்டு தட்டென்று தட்டித் தள்ளிவிட்டார்.

"அது தவளைங்க. எனக்கே கேக்குது."

"கத்துச்சு, தட்டினேன். வகை பிரிக்கிறது உன் வேலை."

சரிதான். என் வேலை.

மே 11, ஞாயிறு

நாணல் நன்றாக உயர்ந்துவிட்டது. பொறியாளரம்மாவும் வந்திருந்தார், லீவு நாளில், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு. தென்கரையில் எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். என் கை இவர் கையில். தட்டு, சற்று இடைவெளி, தட்டு.

கேட்க முடியாததால் நாணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் நான். ஒரு தண்டு மட்டும் காற்றுக்கு எதிராக அசைந்தது. அதன் நுனிக்கு ஏறி வந்தது, கட்டைவிரல் அளவுதான், மங்கிய பழுப்பு. அலகைத் திறந்தது. தொண்டை படபடவென்று துடித்தது. உடம்பே நடுங்குகிறது, அத்தனை சின்ன உடம்பு. அதன் குரலைத்தான் எனக்குத் தெரியும். பாடும்போது இப்படி இருக்கும் என்று தெரியாது.

இவர் தட்ட விரலைத் தூக்கினார். அதற்குள் நான் அவர் கையை அழுத்தினேன்.

"பாத்துட்டேன்" என்றேன்.

தென்கரையில் இன்று ஏழு. அதில் ஒன்று நான் எண்ணியது.