ஒற்றை டிக்கோடு நின்றவை

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஆகஸ்ட் 24

என் அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் இங்கே நலம், உன் நலத்துக்காக மாதாவிடம் மன்றாடுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இந்த வரியை எழுதிப் பழகிய கை, இன்றைக்கு நலம் என்று எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பி.பி. மாத்திரை தவறவில்லை, காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி இருப்பதைச் சாப்பிடுகிறேன். போன சனிக்கிழமை அம்மாவுக்கு ஆறாம் மாதப் பூசை வைத்தோம். காக்ஸ் டவுனிலிருந்து பெர்னார்ட் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார், வந்தவர்களுக்கு டீயும் பிளம் கேக்கும் கொடுத்தேன், கேக் காய்ந்துபோயிருந்தது, என் டோரீன் இருந்திருந்தால் பேக்கரிக்காரன் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்திருப்பாள், நான் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மழை விடாமல் பெய்கிறது, சமையலறைச் சுவர் ஓதம் அடித்திருக்கிறது, மழை நின்றதும் ஆள் கூப்பிட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய். பழைய ஆப்பையே திரும்பப் போட்டுக்கிறேன்பா, என் கொள்கையும் மண்ணாங்கட்டியும்தான் அம்மாவை என்கிட்டேருந்து பிரிச்சுது என்றாய். நான் உம் கொட்டிக் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். பிப்ரவரியில் கல்லறையில் மண் போட்டபோதும் நீ இதையேதான் சொன்னாய், அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறையும் உன்னை ஒரு பொய்யை நம்ப விட்டேன் பெனி. அதைச் சரி செய்யத்தான் இந்தக் கடிதம். மெயிலில்தான் முதலில் எழுதினேன், கம்ப்யூட்டரில் அழித்து அழித்துத் திருத்த வசதியாக இருப்பதால் ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாகிக்கொண்டே போனேன். அதனால் பேனாவை எடுத்தேன், இதில் அடித்தால் அடித்தது தெரியும்.

போன வருஷம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று நீ லைப்சிக்கிலிருந்து எழுதினாய். ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் அந்தச் செய்தி அனுப்பும் ஆப்பை விட்டுவிட்டேன், பெரிய கம்பெனிகள் நடத்தும் மெயிலையும் மேப்பையும்கூட ஒவ்வொன்றாக விடுகிறேன், நீங்களும் அம்மாவும் இந்த வேறு ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஒரு முதலாளிக்கும் சொந்தமில்லை என்று, எங்கே அழுத்த வேண்டும் எங்கே நம்பர் போட வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பியிருந்தாய். பேசுவதை அவர்கள் கேட்காவிட்டாலும் யார் யாரிடம் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் பேசினோம் என்று குறித்து வைத்துக்கொள்கிறார்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். நான் சிரித்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்தவனிடம் இதைச் சொல்கிறாளே, நாங்களும்தான் ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் நேரம் போட்டுச் சீட்டு எழுதினோம், யார் குடி முழுகிப் போயிற்று என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. குழந்த சொல்லுதுல்ல, போட்டுத்தான் குடுங்களேன் என்றாள். பார்க்கலாம் என்றேன்.

அந்தப் பார்க்கலாம் பதின்மூன்று மாதம் இழுத்தது. தெரியாமல் இழுக்கவில்லை, இப்போது நான் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நீ குடும்பக் குரூப்பிலிருந்து போனதும் ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள், என்ன ஓஸ்வால்ட், பொண்ணு ஜெர்மனி போனதும் நம்ம சகவாசமே வேண்டாம்னுடுச்சா என்று. எனக்கு மானம் போயிற்று. நாங்கள் பழைய ஆப்பிலேயே உட்கார்ந்திருந்தால், அம்மா குரல் கேட்காமல் உன்னால் இருக்க முடியாது, ஒரு மாதம் இரண்டு மாதத்தில் தானாகத் திரும்பி வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீயோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சாதாரண போனில் கூப்பிட்டாய், பத்து நிமிஷம் பேசுவோம், அதில் எட்டு நிமிஷம் நான் பேசுவேன். அவளை வைத்து உன்னை இழுத்துப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டைகூடப் போடவில்லை.

கிருஷ்ணப்பா ஞாபகம் இருக்கிறதா, எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து போர்டு, கம்மனஹள்ளியில் வீடு. ரிட்டயரான பிறகு அந்த மனிதர் சனிக்கிழமை தோறும் நம் லைப்ரரியில் கன்னடத்தில் இந்தத் திறந்த சாப்ட்வேர் வகுப்பு எடுக்கிறார். அம்மா போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தர்ஷினி ஓட்டல்ல நம்ம கண்ணு முன்னாடியே தோசை ஊத்தறான் பாருங்க ஸ்வாமி, அந்த மாதிரிதான் இது, சமையல்கட்டு தெரியும் என்றார். நீ மூன்று பக்கம் எழுதியும் எனக்கு ஏறாதது அந்த ஒரு தோசையில் ஏறிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இப்போது நம் பழைய கம்ப்யூட்டரில் கம்பெனிச் சரக்கு எதுவும் கிடையாது, அது முன்னைவிட வேகமாகத்தான் ஓடுகிறது. பங்கு அன்பியக் குழுவுக்கு ஜெப அட்டவணை அதில்தான் தமிழில் அடித்துக் கொடுக்கிறேன். எல்லாரும் சேர்ந்து போடுகிற அந்த மேப்பில் நம் சந்து இல்லாமல் இருந்தது, நானே போட்டேன், கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கக் கேட்டையும் போட்டிருக்கிறேன், நீ வந்தால் முன்வாசல் நெரிசலில் நிற்க வேண்டாம். நீ சொன்ன அந்த ஆப்பையும் போட்டுக்கொண்டேன். போட எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா, நான்கு நிமிஷம். கிருஷ்ணப்பா ஆச்சு என்று சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது, மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர்தான் அம்மாவின் போனைப் பற்றியும் எச்சரித்தார். சும்மா கெடந்தா நம்பரை வேற யாருக்காவது குடுத்துருவாங்க, போட்டோ கீட்டோ இருந்தா பேக, சீக்கிரமா எடுத்து வெச்சுடுங்க ஓஸ்வால்ட் அவரே என்று அவசரப்படுத்தினார். பூசைக்கு நான்கு நாள் முன்னால் அலமாரியிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். அந்தப் பழைய ஆப்பில் உன் பெயர் மேலேயே இருந்தது. திறந்தேன். வரிசையாகக் குரல் பதிவுகள். அம்மாவுக்கு டைப் அடிக்க வராது, மைக்கை அழுத்திக்கொண்டு பேச மட்டும்தான் தெரியும் அல்லவா. நீ அந்த ஆப்பை விட்டுப் போன அடுத்த வாரம் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒன்பது நாள் முன்பு வரைக்கும், மொத்தம் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றின் கீழேயும் ஒற்றை டிக். ஒன்றுகூட உனக்கு வந்து சேரவில்லை. நான் பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த நேரங்களில்தான் பேசியிருக்கிறாள், ஒன்றில் பின்னால் நியூஸ் ஓடுவது கேட்கிறது.

பாவம், போகிறது என்று நினைத்துப் பேசியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முதலாவதைப் போட்டுக் கேட்டேன். பெனி, இது உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும்டி, ஒரு டிக்குதான் விழுது, பரவால்ல, நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போறேன் என்று ஆரம்பிக்கிறாள். அப்புறம் நடுவில் ஒன்று, போன செப்டம்பரில், மாதா திருவிழாவுக்கு மறுநாள். சிவாஜிநகர் கோவில் வரைக்கும் நடந்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். வயித்துல வலது பக்கம் ஒரு வலி புடிக்குதும்மா, அப்பாகிட்ட சொன்னா ஊரைக் கூட்டிடுவாரு, உங்கிட்ட மட்டும் சொல்றேன் என்கிறாள். செப்டம்பரில் பெனி. ஜனவரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நான்கைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொன்னபோது நீ ஜெர்மனியில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தாய், அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. அந்தப் பதிவு உனக்கு வந்திருந்தால் அன்றைக்கே போனில் கத்தி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாய். நீ போன ஆப்புக்கு அவளையும் கூட்டிப் போய் விட்டிருந்தால் வந்திருக்கும். நான்கு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை.

கடைசிப் பதிவையும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அந்தப் புதுசப் போட்டுக் குடுங்கன்னு அப்பாகிட்ட மூணு தடவ கேட்டுட்டேன், மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டாரு, நீ அவர்மேல கோவப்படாதடி, உன்னப் பாக்காத ஏக்கம் அவருக்கு, அதச் சொல்லத் தெரியாம முறைச்சிக்கிறாரு, நீ வர்றப்ப எனக்கு நீயே போட்டுக் குடு என்கிறாள். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. இரண்டு பேர் பேச ஆரம்பித்ததும் ஆபரேட்டர் ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும், வேலையில் சேர்ந்த அன்று எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் அது. மீதி அறுபதும் உனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது.

அதனால் நீ கம்பெனிக்காரர்களிடம் திரும்பிப் போகாதே. எதில் பேசுவது என்று நீ யோசித்து ஒரு முடிவு எடுத்தாய், அதில் தப்பில்லை, எங்களுக்கு வழியும் காட்டினாய், படம்கூட வரைந்து அனுப்பினாய். அந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றவன் உன் அப்பா. உன் கொள்கைமேல் பழியைப் போட்டுக்கொண்டு அழாதே, அந்தப் பழி எனக்கு உரியது, என்னிடம் விட்டுவிடு. அறுபத்து மூன்றையும் போனிலிருந்து எடுத்து கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, கிருஷ்ணப்பா கொடுத்த சின்ன டிஸ்க்கில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வந்து சேர மூன்று வாரம் ஆகலாம். படித்துவிட்டு அனுப்புங்கள் அப்பா என்று ஒரு வார்த்தை சொல், உன் ஆப்பிலேயே அனுப்புகிறேன். கேட்கும் தைரியம் இப்போது இல்லையென்றால் சொல்லாதே, எத்தனை வருஷம் ஆனாலும் பத்திரமாக இருக்கும். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளிடம் கேட்டாயிற்று, அவள் பதில் சொல்ல மாட்டாள்.

அங்கே குளிர் தொடங்கும் முன் நல்ல ஸ்வெட்டராக வாங்கிக்கொள், ராத்திரி வெறும் பிரட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. இருபத்தொன்பதாம் தேதி சிவாஜிநகர் மாதாவுக்குக் கொடியேற்றம், உன் பெயருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். ஆண்டவர் உன்னை எந்தப் பொல்லாப்பும் அணுகாமல் காப்பாராக, மாதா உன் கூடவே இருப்பாளாக, உன் அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. திட்ட வேண்டும் போலிருந்தால் திட்டு, அவள் கடைசி வரைக்கும் என்னைத் திட்டவில்லை, யாராவது ஒருவர் திட்டினால் தேவலை. பேசவே மனமில்லை என்றால் பேசாதே, லைனை மட்டும் வைத்துவிடாதே, பத்து நிமிஷமும் நான் சும்மா இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ஓஸ்வால்ட்