பெரியவூட்டுப் பின்சுவர்

வடக்கனந்தல்,
ஞாயிறு மதியம்.

வீரமணி அண்ணனுக்கு,

எழில்மதி எழுதுகிறேன். அம்மாவும் நானும் கூரை ஒழுகாத மூலையில் நலம். மைசூரில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் சொன்னால் பாதியில் கத்திவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நம் ஆட்கள் கூலிக்கு உழைத்த பெரியவூடு தை மாதம் அருங்காட்சியகமாகத் திறக்கப்போகிறது. வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை எனக்கு. அதுவரை ஆளில்லாத வீட்டில் வெறுங்காலோடு நடந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகுகிறேன்.

வெறுத்துக்கொண்டேதான் உள்ளே போனேன். ஆனால் அண்ணே, அது அழகாக இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல். காலையில் வாசல் கண்ணாடியின் சிவப்பும் பச்சையும் எதிர்ச்சுவரில் விழுந்து, வெயில் ஏற ஏறத் தரைக்கு இறங்கி, என் காலடியில் கரைந்துவிடுகின்றன. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் குளத்துத் தண்ணீர் மாதிரி. கிட்டே நின்றால் என் முகம் அதில் அசைகிறது. தூணைக் கட்டிக்கொண்டால் காடு வாசனை. கல்வராயன் மலையிலிருந்து ஆட்கள் தோளில் சுமந்து இறக்கிய மரம். யார் தோள் என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. நானும் சில நேரம் கேட்க மறந்து அப்படியே நின்றுவிடுகிறேன்.

பின்சுவருக்கு வந்தால்தான் விழிப்பு வருகிறது. பானை வாய் அளவு துளை, உள்ளே சரிவாக ஒரு மரக்குழாய். உனக்குத் தெரியும். கூலி நெல்லை உள்ளிருந்து கொட்டுவார்கள். நம் ஆட்கள் சந்தில் நின்று முந்தானையில் ஏந்த வேண்டும். கொட்டுகிறவர் கை தெரியாது, ஏந்துகிறவர் முகம் தெரியாது. குனிந்தால்தான் ஏந்த முடியும். அந்த உயரத்தையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அம்மா கடைசியாக அங்கே ஏந்தியது உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு.

அந்தத் துளையை மூடத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனில் உன்னிடம் சுவர் வேலை என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். பெரியவூட்டுக் குடும்பத்துப் பேத்தி ஜெயசுதாதான் சென்னையிலிருந்து வந்து எல்லாம் பார்க்கிறார். துளையை மூடாமல் காட்டலாமே என்று கேட்டேன். “எதுக்கும்மா அதெல்லாம்? வர்றவங்க சந்தோஷமா திரும்பிப் போகட்டுமே” என்றார். சந்தோஷம் வேணும்னா பொருட்காட்சிக்குப் போவட்டுங்க என்றேன். சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிமெண்ட் அந்தச் சுவரில் நிற்காதாம். பலகை அடித்தால் பின்னால் என்ன என்று கேட்பார்களாம். தை மாதத் திறப்புக்குள் கிடைக்கக்கூடிய, பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் உன்னைவிட்டால் வேறு யாரும் இல்லை. “உங்கண்ணன் மட்டும் பூசிட்டான்னா, அங்க ஓட்டை இருந்துச்சின்னு சாமிகூட சொல்லாது” என்று மேஸ்திரி கொளஞ்சியப்பன் பீடியோடு பெருமைப்படுகிறார். நீ வராவிட்டால் துளை அப்படியே இருக்கும். இருந்தால் நான் காட்டுவேன்.

அம்மாவும் மூடத்தான் சொல்கிறாள். “இன்னாடி, டிக்கெட்டு போட்டு என் மானத்தக் காட்டப்போறியா? நான் குனிஞ்சத ஊரே பாக்கணுமா? மூடிக்கினு போவட்டும்” என்று சண்டை. மானம் போனது உனக்கில்ல, கொட்டுனவங்களுக்கு என்றேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஆனால் நீ வருகிறாய் என்ற சேதியில் காலையில் வாசலுக்குச் சாணி தெளித்து, யாரைப் பார்த்தாலும் “எம்புள்ள வர்றான்” என்கிறாள்.

நேற்று பெரியவூட்டுக் கூடத்தில் கண்ணயர்ந்தேன். கனவில் துளையிலிருந்து நெல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஏந்த ஆளில்லை. சந்து நிறைந்து, தெரு நிறைந்து, தியாகதுருகம் பஸ் நெல்லில் மிதந்து போனது. யார் கொட்டுவது என்று கையை உள்ளே விட்டேன். மோதிரம் போட்ட ஒரு கை தட்டுப்பட்டது. வெளியே இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. விழித்தபோது சிவப்பு வெளிச்சம் என் மடியில் கிடந்தது.

அண்ணே, அப்பா செத்த பிறகு நீ ஊருக்கு வரவே இல்லை. இப்போதும் இந்த வேலைக்காகத்தான் வருகிறாய். வேண்டாம் என்று நான் சொன்னால் வருவதற்கு உனக்கு ஒரு சாக்கும் இருக்காது. அம்மா என்னை மன்னிக்கமாட்டாள். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

பெரியவூட்டுக்கு வராதே. அம்மாவிடம் வா. கரண்டி, மட்டக்கோல் எதுவும் வேண்டாம், கையை வீசிக்கொண்டு வா.

கேட்கக் கூடாததைக் கேட்கும் உன் தங்கை,
எழில்மதி