வரி கேட்காத வீடு

ஜூன் 11, புதன்

மளிகைக் கணக்கை முன்பக்கத்தில் எழுதி முடித்தாயிற்று. பின்பக்கம் என் மனசுக்கு.

இன்று கோயில் வாசலில் லாரி வந்து நின்றது. ஏதோ தொண்டு நிறுவனம், மீன் வைக்கிற குளிர்பெட்டி கொடுக்கிறார்கள். தலைக்கட்டுக்கு ஒன்று. எங்கள் குப்பத்தில் கல்யாணமான ஆம்பிளை ஒவ்வொருத்தரும் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி கொடுப்பதும் அவர்கள், பங்கு வாங்குவதும் அவர்கள். என் வீட்டுக்காரர், இவரும் ஒன்று வாங்கி வந்தார். கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்பதெல்லாம் பொம்பிளைகள். நானோ கூடை தூக்குவதும் இல்லை. எங்கள் பெட்டி மகள் மோனிகாவின் பழைய புத்தகங்களைத்தான் குளிரவைக்கப் போகிறது.

என் ஓரகத்தி வேலம்மாள் லாரிப் பக்கத்தில் நின்றாள். கொழுந்தன் மணிவண்ணனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து கூடைதான் அவள் பிழைப்பு. "எனக்கு?" என்றாள்.

ஊர்த் தலைவர் இளவரசு, "ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஏதும்மா தலக்கட்டு? நீ என்ன வரியா குடுக்கற?" என்றார்.

"கேட்டா குடுக்கறேன்."

"நாங்க கேக்க மாட்டமே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ என்னவோ.

ஜூன் 16, திங்கள்

வேலம்மாள் மஞ்சக்குப்பம் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். போகும்போதே சொன்னாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், இருமினால் கேட்கும்.

"வேணாம்டி. ஊரு விஷயத்த வெளிய கொண்டு போனா சும்மா வுடமாட்டாங்க."

"ஊர்லயே நான் இல்லன்னுட்டாங்களே அக்கா. அப்புறம் எந்த ஊரு?"



ஜூன் 20, வெள்ளி

தள்ளி வைத்துவிட்டார்கள்.

அம்மன் முன்னால் கூட்டம். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து ஊர் காலில் விழுகிற வரை அவளோடு யாரும் பேசக் கூடாது. கொடுக்கல் வாங்கல் கூடாது. பேசினால் அந்த வீடும் தள்ளுபடி. தலைக்கட்டு ஒவ்வொருத்தரும் வரிசையில் வந்து எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பொம்பிளைகள் நாங்கள் கூட்டத்தைச் சுற்றிக் கட்டின கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம். இவர் கை தயங்கியது, பார்த்தேன். செத்தது சொந்தத் தம்பி இல்லையா. ஆனாலும் அணைத்தார்.

அம்மன் பேரில் சத்தியம். இனி நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 21, சனி

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம்: "அக்கா, ஒங்க வூட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னாரா?" பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

குழாயில் கடைசியாக நிற்கிறாள். அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்துவிடுகிறது. துறைமுகத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் அவளுக்கு இடமில்லை; கூடையோடு நடக்கிறாள். நம் துறையில் அவளுக்கு மீன் கொடுக்க ஆளில்லை என்பதால் எங்கோ கருவாடு வாங்கி விற்கிறாளாம்.

சுவர் மேல் ஒரு கிண்ணம் குழம்பு வைத்தேன். இவர் பார்த்துவிட்டார். "எடுத்துடு பவானி. மோனிகாவுக்கு நாளைக்கி ஒரு நல்லது நடக்கணும். ஊரு இல்லாம எவன் வந்து பந்தல்ல நிப்பான்?"

எடுத்துவிட்டேன். நான் அதைச் சாப்பிடவில்லை. கொட்டவும் இல்லை. புளித்துப் போயிற்று.

ஜூலை 3, வியாழன்

தலை சுற்றுகிறது, ராத்திரி கண் மூடுவதில்லை. மோனிகா போனில் கத்தினாள்: "கெளம்பி வாம்மா." அவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

கடலூரில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். கிளம்புகிற நேரத்தில் கருவாட்டு மூட்டையோடு வேலம்மாள் ஏறினாள். என் பக்கத்து இருக்கை ஒன்றுதான் காலி. நின்றாள். வேறு இடம் தேடினாள். கண்டக்டர் அதட்டினார்: "உக்காரும்மா, வண்டி எடுக்கணும்." உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா? சிதம்பரமா?"

இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவள் தனியாகக் காசை நீட்டினாள், நான் தனியாக நீட்டினேன்.

சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது ஒரே நேரத்தில் இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினோம். அப்போது பேசியிருக்கலாம். சிரித்தாவது இருக்கலாம். எத்தனை கோடையில் ஒரே பாயில் கிடந்து கதை பேசினவள்! அவள் தோள் என் தோளில் இடித்தபடியே வந்தது. இறங்கும்போது பார்த்தேன்: கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

மோனிகா என் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். டாக்டர் மாத்திரை எழுதினார். "மனசுல எதயும் வச்சிக்காதீங்கம்மா" என்றார். வேறு எங்கே வைப்பதாம்?

மோனிகாவிடம் பஸ் கதையைச் சொன்னேன். "ஊர் எல்ல தாண்டியும் பேசலியா? அங்க யாரும்மா பாத்தா?"

"அம்மன் பாத்தா."

"அந்த அம்மனுக்குச் சித்தி மட்டும் தெரியலியாமா?"

நாக்கு நீளம் அவளுக்கு. எங்கள் மாமியார் மாதிரி.

ஜூலை 9, புதன்

மாத்திரை போட்டேன். தூக்கமில்லை.

ஜூலை 14, திங்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோடோ பேசுகிறாள். பூனை என்று நினைத்தேன். பூனை எங்கள் வீட்டில் படுத்திருக்கிறது. தனக்குத்தானே பேசுகிறாள். "என்னா வேலம்மா, சாப்ட்டியா?" "ம், ஆச்சி." இப்படி.

தாயே. என்னால முடியல.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயில் விளக்குத் தேய்க்கிற முறை எனக்கு. புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடத்தட்டில் கரி போகவே இல்லை. ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் கை வைத்த கரி. தேய்க்கத் தேய்க்கத்தான் உறைத்தது: அத்தனை கையில் ஒரு பொம்பிளை கையாவது உண்டா? யாராவது எங்களைக் கயிற்றுக்கு உள்ளே வரச் சொன்னார்களா? நாங்கள் தலைக்கட்டு இல்லையே! அப்படியானால் நான் அம்மனுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

இதைத் தாயே சொல்கிறாளா, இல்லை என் கணக்குப் புத்தி சாமியிடமே தள்ளுபடி கேட்கிறதா? அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "ஏங்க, நான் சத்தியம் பண்ணனா?"

"நான் பண்ணா வூட்டுக்கே பண்ணாப்பல."

"அப்ப ஒங்க தம்பி அத்தன வருஷம் குடுத்த வரி? அது அவ வூட்டுக்குக் குடுத்தாப்பல இல்லியா? சத்தியத்துக்கு மட்டும் நான் ஒங்களோட சேத்தி, பங்குக்கு மட்டும் அவ சேத்தி இல்லியா?"

அவர் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 19, சனி

பேசிவிட்டேன்.

குழாயில். எல்லாரும் இருக்கும்போதே. "வேலம்மா, ஒன் கொடத்த இங்க வையி."

அவள் அசையவில்லை. பிறகு சொன்னாள்: "இத்தினி நாளா என்னாக்கா, தொண்டையில முள்ளா?"

"ஆமாண்டி. இப்பத்தான் எறங்குச்சி."

அழுதது யார் முதலில் என்று தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ ஓடினார்கள், ஊர்த் தலைவரிடம் சொல்லத்தான். ஓடட்டும்.

மோனிகா கல்யாணத்துக்கு இனி யார் வந்து பந்தலில் நிற்பார்கள்?

ஜூலை 25, வெள்ளி

கூட்டம். இவரை நடுவில் நிறுத்தினார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று கேட்டேன்.

இளவரசு: "சிங்காரம், ஒன் பொண்டாட்டி பேசிட்டா. ஒன் வூட்டயும் தள்ளி வெக்கறதா, அவராதம் கட்டறியா?"

இவர் தலையைக் குனிந்தபடியே பேசினார். கூட்டத்தில் பேசுகிறவரே இல்லை. "சூடம் அணச்சவன் நானு. நான் பேசல மாமா, இன்னிக்கி வரைக்கும் பேசல. அவ அணைக்கல. அவராதம் போடறதுன்னா அவ பேர்ல போடுங்க. பேர்ல போட்டா அவளும் ஒரு தலக்கட்டு. பாத்துக்கங்க."

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நம்பவே முடியவில்லை, இளவரசு வீட்டம்மாதான்: "நானுந்தான் அணைக்கல!"

"போடீ வூட்டுக்கு!" என்று கத்தினார் அவர்.

"போறேன். போற வழியில வேலம்மாகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன்."

முடிவு சொல்லாமலே எழுந்து போனார்கள். வீட்டில் இவர் சோறு கேட்டார், சாப்பிட்டார், படுத்தார்.

ஜூலை 29, செவ்வாய்

ஊர் இப்போது இப்படி: பொம்பிளைகள் பேசுகிறோம், ஆம்பிளைகள் பேசுவதில்லை. இவரும்தான். தம்பி பொண்டாட்டி எதிரில் வந்தால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்க்கிறார். சத்தியம் சத்தியம்தான் அவருக்கு. எங்கள் வீட்டைத் தள்ளவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. மனுவுக்கும் பதில் இல்லை. மாத்திரை தொடர்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

திருவிழா வரி தண்ட ஊர்க் கணக்குப் பையன் செம்பியன் வந்தான். எங்களிடம் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். வேலம்மாள் வாசலைப் பார்த்தான். அவள் அங்கேதான் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள், கையெட்டும் தூரம்.

"அண்ணி, அவுங்ககிட்ட சொல்லுங்க. ஆம்பள இல்லாத வூட்டுக்கும் வரி உண்டுன்னு பேசியாச்சு. அர வரி."

நான் திரும்பிச் சொன்னேன். "வேலம்மா, ஒனக்கு அர வரியாம்."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பணம் எடுத்தாள். வந்தாள். "முழு வரி குடுக்கறேன்னு சொல்லுக்கா. அரயா எழுதினா வாங்க வேணாம்னு சொல்லு."

பையன் காதில் விழாமல் இருக்குமா? ஆனாலும் நான் சொல்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னேன்.

நல்ல வெயில். தலையைச் சொறிந்தான். ஊர்த் தலைவர் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான், என்னிடம் இல்லை, அவளிடம்.