டிசம்பருக்குள் தூதர் வருவாரா

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. கணிப்பு இணையதளத்தில் புதுக் கேள்வி: டிசம்பருக்குள் இந்தியாவும் பாகிஸ்தானும் மறுபடி தூதர்களை அனுப்பிக்கொள்ளுமா? காசு கிடையாது, சரியாகச் சொன்னால் மதிப்பெண் மட்டும். நூற்றுக்கு நான்கு என்று போட்டேன். இவர் எட்டிப் பார்த்து, "நீ என்ன வெளியுறவு மந்திரியா? காப்பி எங்கே?" பதிலும் கொடுக்கவில்லை, காப்பியும் கொடுக்கவில்லை.

புதன்
மாடி வீட்டு ஹாஜ்ரா இத்தா வந்தார். பேச்சில் பாதி மலையாளம்; இத்தா என்றால் அக்கா. மூத்தவள் ஷிஃபாவின் நிக்காஹ் செப்டம்பரில். இத்தாவின் ஒரே தங்கை கராச்சியில், கட்டிக்கொடுத்த நாளிலிருந்து. இப்போது விசா இல்லை.
"நீ இதொக்கெ கணக்கு போடறவளல்லே கோமு? டிசம்பர்ல வழி திறக்குமா? திறக்குமெங்கில் நாளை மாத்தி வெக்கலாம்."
"பார்க்கலாம் இத்தா" என்றேன். கோழை. எனக்கென்று தனி எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு சமோசா கொண்டுவந்திருந்தார். ஒன்றுவிடாமல் தின்றேன்.

வியாழன்
வாங்க: உளுந்து, கொசுவத்தி, இவருக்கு பி.பி. மாத்திரை.
நான்கைப் பதினொன்றாக்கினேன். ஏற்றினால் காரணம் எழுத வேண்டும், அது அங்கே விதி. யோசித்தேன். பேச்சுவார்த்தை? இல்லை. விமானம்? இல்லை. கிரிக்கெட்? அதையே மூன்றாம் நாட்டில் போய் ஆடுகிறார்கள். சமோசாதான் காரணம். வெட்கமாகிவிட்டது. இத்தா ஆசைப்பட்டால் இரண்டு அரசாங்கம் கை குலுக்குமா? திரும்ப நான்கு.
சாயங்காலம் படியில் ஷிஃபா. "ஆன்ட்டி, உம்மாட்ட நீங்களே சொல்லணும். மாப்பிள்ளைக்கு ஷார்ஜால செப்டம்பர்ல மட்டும்தான் லீவு. டிசம்பர்னா எல்லாம் குழப்பமாகும்."

சனி
மாடி ஏறினேன். இத்தா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன்.
"தங்கை வருவாள்னு நம்பிண்டு நாளை மாத்தாதீங்கோ இத்தா. டிசம்பருக்குள்ள நடக்காது. அன்னிக்கு பார்க்கலாம்னு சும்மா சொன்னேன்."
"ஒட்டும் இல்லையா? கொஞ்சம்கூட?"
"நூத்துல நாலு."
"நாலு உண்டல்லோ" என்றார். மறுபடி மாங்காய் நறுக்க ஆரம்பித்தார். இறங்கி வந்து ஒரு மூச்சு அழுதேன். சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுத் தொலைத்தேன்.

ஞாயிறு
ஞாயிறு என்றால் மாடியிலிருந்து ஏதாவது பலகாரம் வரும். வரவில்லை. மழை விட்டும் துணி உலர்த்தக்கூட இத்தா வெளியே தலைகாட்டவில்லை. இந்த வாரம் என்னோடு பேசுவாரா? நூற்றுக்கு இருபது.

திங்கள்
கணிப்பு தப்பு. காலையிலேயே இத்தா வாசலில், கண் வீங்கி. செப்டம்பரே உறுதியாம். தங்கை போனில் நிக்காஹ் பார்ப்பாளாம்.
"ராத்திரி அவகிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் நல்லா கரைஞ்சு."
இத்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.
"கோமு, இளையவ இப்பத்தானே ப்ளஸ் டூ. அவ நிக்காஹுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள வழி திறக்க நூத்துல எத்தற?"
உள்ளே இவர் காப்பி கேட்டார். இருங்கோ என்றேன். உட்கார்ந்து கணக்கு போட்டேன். அத்தனை வருஷத்தில் ஆட்சி மாறும், ஆள் மாறும், முன்னேயும் தூதரகத்தை மூடித் திறந்தவர்கள்தான். அறுபது. காரணமும் எழுத முடிந்தது. இத்தா இன்று வெறுங்கையோடுதான் வந்திருந்தார்.