லொறிக்குள் குளவிக்கூடு

1942 வைகாசி, திங்கள் இரவு

துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு மருத்துவிச்சி நிலாவெளிக்குப் போய்விட்டாள். என் மனைவி தங்கத்துக்கு இது நிறைமாதம். எங்களிடம் இருப்பது பழைய லொறி ஒன்றுதான். அதன் சாரதி இருக்கைக்குக் கீழே குளவிகள் கூடு கட்டியிருந்தன.

பொழுதுபடும் நேரத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தேங்காய்ப் பொச்சு நாரைக் கொளுத்திப் புகை போட்டேன். கையில் மூன்று இடத்தில் கொட்டின. கிணற்றடிக்கு ஓடினேன்.

"கவனமப்பா! லொறி ஓட்ட எனக்கு ஏலாது," என்று தங்கம் சிரித்தாள்.

குளவிகள் கலைந்ததும் கூட்டைப் பெயர்த்துப் புதைத்தேன். லொறியின் முன்னால் கைப்பிடியைச் செருகி நாலாம் முறை சுற்றியபோது எஞ்சின் பிடித்தது.

"விடிய நிலாவெளிக்கு வெளிக்கிடுவம்," என்றேன்.

"ஓம்" என்றவள் அப்போதே ஏறி உட்கார்ந்துவிட்டாள். "சத்தத்துக்குப் பிள்ளை துள்ளுது, பாருங்கோ."

வீங்கிய கையை அவள் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.