தனித் தட்டு

என் மைமூன் அக்கா,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்: "அக்கா, உனக்கு வந்திருப்பது தொத்து நோய் இல்லை."

மதுரையில் உன் குடலில் அறுத்தெடுத்த துண்டைச் சோதித்துவிட்டு, அந்த டாக்டர் அத்தாவின் கடைக்கு எழுதிய கடிதம் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். "என்னம்மா போட்டிருக்கு? வெரசா சொல்லு" என்றார் அத்தா.

இது குடல் காசநோய் இல்லை, நிணநீர்க் கணுக்களில் தோன்றும் அபூர்வமான புற்றுநோய் என்று எழுதியிருந்தது. வயிற்றுவலி, காய்ச்சல், மெலிவு எல்லாம் ஒன்றுபோலவே இருக்குமாம். ஏற்கெனவே பரவிவிட்டது, ஆறு மாதம் இருக்கலாம், சிலர் அதற்கு மேலும் இருந்திருக்கிறார்கள்.

"மருந்தை மாத்தணுமாம் அத்தா" என்றேன்.

நெஞ்சுநோய்க்காரர்கள் காற்றுக்காக வந்து தங்குகிற கொடைக்கானலில், மெலிந்தவர்கள் எல்லோருமே காசநோய்க்காரர்கள்தான். உன்னையும் சகனிலிருந்து விலக்கித் தனித் தட்டு கொடுத்தோம். நாலு பேர் ஒரே சகன் தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிடும் வீட்டில் நீ மட்டும் ஜன்னலோரம். அம்மா பக்கத்தில் இருந்த உன் இடம் எனக்கு வந்தது. அவள் பிசைந்து ஒதுக்கும் முதல் கவளமும் வந்தது. சின்ன வயதிலிருந்து நான் ஏங்கிய கவளம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ சகனுக்குத் திரும்பியிருப்பாய். நீ பயந்துவிடுவாய் என்றுதான் மறைத்தேன் என நீண்ட நாள் நம்பினேன். அது பாதிக் காரணம்.

கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து உனக்குப் பால் கொண்டு வந்தேன். மதுரை டாக்டரின் புதுச் சீட்டைப் பார்த்து ஊசி போட வரும் நர்ஸ் ரோஸி உன் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தின்னு. எங்க வீட்ல ஒருத்திக்கும் இந்தத் தைரியமில்ல" என்று சிரித்தாய்.

"தொத்தாதுன்னு தெரிஞ்ச பொறவு என்னக்கா பயம்?" என்றவள் என்னைக் கண்டதும் வாயை மூடினாள்.

அப்படியென்றால் நீ அவளிடம் கேட்டிருக்கிறாய். அவளும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஏன் கேட்கவில்லை? நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். "பால் ஆறிப்போகுது" என்றேன்.

போன மாதம் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் ரோஸியைப் பார்த்தேன். கடைசி நாட்களில் நீ என்னவெல்லாம் பேசினாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் அக்காவை நான் ஏன் அவளிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும்? இன்னும் எரிகிறது, அக்கா.

அம்மா இன்றுவரை காசநோய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை இந்தக் கடிதத்தையும் டாக்டரின் கடிதத்தையும் அம்மா, அத்தா இரண்டு பேருக்கும் படித்துக் காட்டுவேன். இந்த முறை ஒரு வரியையும் விடமாட்டேன்.

டாக்டர் ஆறு மாதம் என்றார். நீ ஏழு வாரம் இருந்தாய். ஏழு வாரமும் தனித் தட்டில்தான் சாப்பிட்டாய்.

உன் இடத்தில் உட்கார்ந்த தங்கை,
சபுரா