பேர், படை, சேர்ந்த வருஷம்

அண்ணே,

காலையில் மாடி வீட்டு அம்மாள் பழச்சாறு அடிக்கிற மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்து பார்த்தால் உள்ளே கம்பிகள் பிரிந்து, ஒன்று மோட்டாரில் உரசித் தோலுரிந்து கிடந்தது. அதை மாற்றிப் பற்றவைத்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட உங்கள் மெழுகு நூல்கண்டை எடுத்தேன். மெழுகுவர்த்தி வாசம் வந்தது. இரண்டு சுற்று, அடியில் ஒரு நுழைப்பு, முடிச்சை உள்பக்கம் திருப்பி ஓர் அமுக்கு. கட்டி முடித்த பிறகுதான் என் விரல் யாருடைய கட்டைக் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன். அழுகை வரவில்லை அண்ணே. கோபம்தான் வந்தது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது, அது கொஞ்சமும் குறையவில்லை. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்களை முதலில் பார்த்தது பழைய மின்சாமான் சந்தையில். வியட்நாமில் பின்யுவோங் என்கிற ஊரின் நூற்பாலைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்கு நான் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எதையாவது நோண்டாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அன்றைக்குத் துருப்பிடித்த ராணுவ வயர்லெஸ் பெட்டி ஒன்றுக்கு அரைகுறை வியட்நாமியத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "வாங்காதிய தம்பி. அது செத்த பொணம். உள்ள ஒண்ணுமில்ல" என்றது. திரும்பினால் தமிழ் முகம் ஒன்றைக்கூடக் காணோம். ரப்பர் செருப்பும் வெளுத்த தொப்பியுமாக ஒரு வியட்நாமியர் சிரித்துக்கொண்டு நின்றார். அதுதான் நீங்கள்.

காரைக்காலிலிருந்து வந்து இங்கே துணிக்கடை வைத்த அப்பா, மீத்தோ ஊர்ப் பக்கத்து வியட்நாமிய அம்மா. அப்பாவிடம் கேட்டுக் கற்ற தமிழ், கடைத் தமிழாகவே உங்களிடம் தங்கிவிட்டது. கம்பியைக்கூட முழம் போட்டு அளப்பீர்கள். நன்றி என்று சொல்ல உங்களுக்கு வராது, 'மெர்சி' என்பீர்கள். நானும் காரைக்கால்காரன் என்றதும் என் கையைப் பிடித்தவர்தான், சந்தை முழுக்க விடவில்லை. அன்றைக்கே அண்ணன் தம்பி ஆகிவிட்டோம். "இவங்க பாஷையிலயும் அண்ணனுக்கு 'ஆன்'தான் தம்பி, நம்ம வார்த்தையத் திருடிட்டானுவ" என்றீர்கள்.

காரைக்கால் அன்றைக்குப் பிரெஞ்சுக்காரன் ஊர். அப்பா பேரில் பிறப்பைப் பதிந்திருந்தால் நீங்கள் பிரெஞ்சுக் குடிமகன், படை உங்களைத் தொட்டிருக்காது. பதிகிற அன்று அவர் கடையில் இருந்தாராம். அம்மா தன் பேரில் பதிந்துவிட்டார். அந்த ஒரு காகிதத்தால் தெற்கு வியட்நாம் படை உங்களைப் பிடித்துக்கொண்டு போய் வயர்லெஸ் பழுது பார்க்கும் பட்டறையில் உட்காரவைத்தது. எழுபத்தைந்தில் சைகோன் வடக்குப் படையிடம் விழுந்தது. பிறகு எந்த வேலைக்கு விண்ணப்பம் நீட்டினாலும் 'தோற்ற படையின் ஆள்' என்ற வரி உங்களுக்கு முன்னால் போய் நின்றது. தெருவோரம் உட்கார்ந்து மின்விசிறியும் குக்கரும் பழுது பார்த்தே காலத்தைத் தள்ளினீர்கள். "துப்பாக்கியத் தொட்டதில்ல தம்பி. நான் புடிச்சது திருப்புளி" என்று ஒருமுறை சொன்னீர்கள். அதை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் குறையாகப் பட்டது.

அப்புறம்தான் மன்றம் வந்தது. ஜெயித்த படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் பகுதியில் நடத்துகிற சின்ன மன்றம். உங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. அங்கே கண்ணாடி அலமாரியில் ஐந்து பழைய வயர்லெஸ் பெட்டிகள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன. ஆண்டு விழாவுக்குள் அவற்றைப் பேசவைக்க ஆள் தேடினார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, ஓர் இந்தியன் சதா எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று என்னைக் கோர்த்துவிட்டாள்.

உங்களிடம் ஓடிவந்தேன். இது உங்கள் பெட்டி, உங்கள் வேலை, சேர்ந்து போவோம் என்றேன். நீங்கள் ஈயம் உருக்குவதை நிறுத்தவே இல்லை.

"அந்த வாசப்படி எனக்குள்ளதில்ல. பெட்டிய இங்க கொண்டாங்க, செஞ்சு தர்றேன். யாரு செஞ்சதுன்னு கேட்டா நாந்தான்னு சொல்லணும். எம் பேர எடுத்தியன்னா அப்புறம் இந்தப் பக்கம் வராதிய."

ஐந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாக மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். நாலரை நீங்கள் செய்தது, அரை நான் செய்தது. கசிந்த கண்டென்சரை எல்லாம் மாற்றி, இப்போது கிடைக்காத பேட்டரிக்குப் பதில் யூபிஎஸ் பேட்டரி பொருத்தி, கடைசியில் மெழுகு நூலால் கம்பிகளைக் கட்டினீர்கள். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வயது குறைந்திருக்கும்.

மன்றத்தில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர் எழுந்து நின்று பேர், படை, சேர்ந்த வருஷம் மூன்றையும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று உங்களைக் கேட்டேன். "இப்படி" என்று எழுந்தீர்கள். உங்கள் சமையல் மூலையில், சோற்றுக் குக்கருக்கும் சுவருக்கும் நடுவில், கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து உங்கள் பேரை, படைப்பிரிவின் எண்ணை, சேர்ந்த வருஷத்தை உரக்கச் சொன்னீர்கள். பிறகு வெளியே யாராவது கேட்டிருப்பார்களோ என்று ஜன்னலைப் பார்த்தீர்கள். அந்த மூன்றையும் உங்கள் வாயால் நான் கேட்டது அந்த ஒரே தடவை.

நான் சொன்ன லட்சணத்தை உங்களிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனாலும் இன்னொரு தடவை கேளுங்கள். பதக்கம் குத்திய முப்பது கிழவர்கள், எதிரே மைக்கோடு நான். எல்லாரும் ஒருவரையொருவர் தோழர் தோழர் என்று அழைப்பதைக் கேட்டு, நானும் என்னைத் 'தோழர்' போட்டே சொல்லிக்கொண்டேன். திருவாளர் நான் வந்திருக்கிறேன் என்றது போல. படை என்ன என்று கேட்டார்கள். படை கிடையாது, நூற்பாலை, மெயின்டனன்ஸ் பிரிவு என்றேன். சிரித்துச் சிரித்து ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. சிப்பாய் இல்லாத ஒரு சில்லறை மெக்கானிக்கை அவர்கள் ஏற்றுக்கொண்டது அந்தச் சிரிப்பில்தான்.

பிறகு முன்வரிசையிலிருந்து ஓங் பாய் எழுந்தார். ஓங் என்றால் பெரியவர், பாய் என்றால் ஏழு, நமக்கு ஏழாமவர். வீட்டுப் பிள்ளை வரிசை எண்ணைச் சொல்லி அழைப்பது இங்கே வழக்கம். "அட, நம்மூரு பாய்னு நெனச்சு சலாம் போட்டுடாதிய" என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அவர்தான். ஜெயித்த பக்கத்துப் படையில் வயர்லெஸ்காரராக இருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்மூடியைக் கழற்றினார். நூல்கட்டின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"நீயே கட்டினதா?"

"நானேதான்" என்றேன். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மூடியை மூடிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார். அலமாரியில் ஐந்து பெட்டிக்கும் முன்னால் என் பேர் எழுதிய அட்டை ஏறியது. ஏழு வருஷம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தேன். ஒவ்வொரு மிடறும் திருட்டுத் தேநீர் அண்ணே. என்னைத் திருடனாக்கியது நீங்கள்.

அந்த ஏழு வருஷமும் ஏழாமவர் எனக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டாகக் கொடுத்தார். டெட் என்கிற புத்தாண்டுப் பண்டிகைக்கு வாழையிலையில் சுற்றி அவித்த அரிசிச் சுருள் இரண்டு. நிலாப் பண்டிகைக்கு இனிப்பு இரண்டு. நான் ஒண்டிக்கட்டை என்று அவருக்குத் தெரியும். வயசானவர், மறந்துபோய்க் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றை உங்களுக்குக் கொண்டுவருவேன். "ரெண்டா குடுத்தாரு?" என்று கேட்பீர்கள். ஆமாம் என்றால் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருப் பக்கம் பார்த்து, "மெர்சி" என்பீர்கள். கொண்டுவந்தவன் நான் இங்கே நிற்க, தெருவுக்கு என்ன மெர்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை. மரமண்டை.

நுரையீரல் நோய் உங்களைப் படுக்கவைத்தபோதும் கேட்டேன். மன்றத்தில் உண்மையை ஒருமுறை சொல்லிவிடுகிறேனே என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டீர்கள். மழைக்காலத்தில் போனீர்கள். உங்களை வழியனுப்ப ஆறு பேர். தெருமுனைக் காப்பிக்கடைக்காரியையும் சேர்த்து.

அடுத்த ஞாயிறு மன்றத்துக்குப் போனேன். புதியவர் யாராவது உண்டா என்று செயலாளர் கேட்டார். நான் எழுந்து மைக்கைப் பிடுங்கினேன். நான் பொய்யன் என்றேன். இந்தப் பெட்டிகளைச் செய்தவர் நானில்லை, அவர்களோடு சண்டை போட்ட படையின் வயர்லெஸ் பட்டறைக்காரர், மூன்று தெரு தள்ளி இருந்தார், போன வாரம் செத்துப்போனார் என்றேன். அடித்து விரட்டட்டும் என்றுதான் நின்றேன். அப்படியாவது உங்களுக்காக ஒரு அடி வாங்கியிருப்பேன்.

ஏழாமவர் மட்டும் சொன்னார்.

"தெரியும்."

முதல் நாளே தெரியுமாம். சண்டை முடிந்து கைப்பற்றிய பெட்டிகளை நூற்றுக்கணக்கில் திறந்தவர் அவர். உங்கள் பட்டறையில் பழுது பார்த்தவற்றில் மட்டும் முடிச்சு உள்பக்கம் திரும்பியிருக்குமாம், வெளியே இழுக்கும்போது எதிலும் மாட்டாது. முதலில் சிரித்தார்களாம், பிறகு அவர்களும் அப்படியே கட்டக் கற்றுக்கொண்டார்களாம். "இந்தியாவுலேர்ந்து வந்த மில் மெக்கானிக்குக்கு அது எப்படித் தெரியும்? அந்தக் கட்டைக் கட்டுற கை ஒண்ணு பக்கத்துல எங்கேயோ இருக்குன்னு புரிஞ்சுது" என்றார்.

நான் கத்தினேன். அந்த வயதுக்காரரிடம் இந்த ஊரில் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.

"மூணு தெரு ஐயா. ஏழு வருஷத்துல ஒரு நாள் நடந்து வர முடியலையா உங்களுக்கு?"

அவர் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். "சண்டை முடிஞ்சதும் எங்க ஆளுங்க விசாரிக்கன்னு அவர் வீட்டுக் கதவைத் தட்டின காலம் ஒண்ணு இருந்துச்சு. நான் போய்த் தட்டினா, அதுக்குத்தான் வந்திருக்கேன்னு நெனச்சிருப்பார். அவரா வரட்டும்னு இருந்தேன்."

அப்போதுதான் அந்தத் தெரு மெர்சி எனக்கு உறைத்தது. இரண்டாவது பொட்டலம் யாருக்கு என்று உங்களுக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு கல்லுளிமங்கன்களும் மூன்று தெருவுக்கு இப்பாலும் அப்பாலும் உட்கார்ந்திருந்தீர்கள். நடுவில் பொட்டலம் தூக்க ஒரு மடையன் நான். அவராவது பயந்ததற்கு ஒரு காரணம் சொன்னார். உங்களுடையது வெறும் வீம்பு. இல்லை என்று சொல்ல இப்போது நீங்கள் இல்லை, அதுவும் ஆத்திரமாக வருகிறது.

அட்டையில் உங்கள் பேரை எழுதச் சொன்னேன். அந்தப் படைக்காரர் பேரை இந்தச் சுவரில் போட முடியாது என்று செயலாளர் மென்மையாகச் சொன்னார். நான் அலமாரியைத் திறந்து என் பேர் உள்ள அட்டைகள் ஐந்தையும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருவரும் தடுக்கவில்லை. இன்றுவரை அங்கே பெட்டிகள் மட்டும் இருக்கின்றன.

அடுத்து வந்த டெட் பண்டிகைக்கும் ஏழாமவர் தன் வீட்டில் பழக்கம் போல இரண்டு அரிசிச் சுருளை நீட்டினார். ஒன்றை வாங்கிக்கொண்டேன். இன்னொன்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன், கோபமாகத்தான். உள்ளே போனார். இஸ்திரி போட்ட சட்டையோடு திரும்பி வந்தார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, உங்கள் அஸ்திக் கலசம் இருக்கிற புத்தர் கோயிலுக்குப் போனேன். மூன்றாம் மாடி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினார், கை கொடுத்தால் வேண்டாம் என்றார்.

உங்கள் போட்டோவுக்கு முன்னால் பொட்டலத்தை வைத்தார். ஊதுபத்தியைக் கூட ஏற்றவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து நிமிர்ந்து நின்று தன் பேரைச் சொன்னார். படைப்பிரிவின் எண்ணைச் சொன்னார். சேர்ந்த வருஷத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்து நின்றார்.

நீங்கள் பேசவில்லை. எவ்வளவு நேரம்தான் அந்த மனிதரை அப்படி நிற்கவைப்பது? அதனால் நான் என் கைகளைத் தொடையோடு ஒட்டவைத்தேன். குக்கருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று நீங்கள் சொன்ன அதே வரிசையில் உங்கள் பேரை, எண்ணை, வருஷத்தைச் சொன்னேன். ஒன்றும் பிசகவில்லை. படையே இல்லாத எனக்கு அந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, உங்களை 'ஆன்' என்று அழைத்தார்.

அண்ணே, அந்த மூன்றையும் நீங்களே சொல்லியிருக்கலாம்.